அடுத்த ஆட்டம் எது?

ஒரு தொழிலைத் தொடங்குதல் எளிது. தொடங்கியதை முடித்தல் அரிது. ஒன்றை முடித்தவர் அடுத்ததாக எதனை மேற்கொள்வது என்று தெரிந்து தெளிதல் அதனினும் அரிது. முதல் நாற்காலியைச் செய்து முடித்த இளந்தச்சன் மறுநாளே தேர் செய்யப் புறப்படுவானாயின், பட்டறையில் இருக்கும் ஆசாரியார் அவனைத் தடுத்து, முதலில் ஒரு மேசையைச் செய்யச் சொல்வார். நூற்றாண்டுகளாகக் கைத்தொழில்கள் அழியாது வளர்ந்தமைக்கு இத்தகைய மூத்தோரின் சொல் ஒரு காரணமாகும்.

கணினி விளையாட்டுகளை ஆக்குதல் என்னும் தொழிலுக்கு வயது குறைவு. அதிற் புகும் இளைஞருக்குப் பட்டறையும் இல்லை. பக்கத்தில் நின்று கைபிடித்துக் காட்டும் ஆசாரியாரும் பெரும்பாலும் இல்லை. கொழும்பு மாநகரின் கிழக்கெல்லையை அடுத்துக் களனி கங்கைக்கு அண்மையில் அமைந்த கொலன்னாவையிலோ, கொட்டாஞ்சேனையிலோ, வெள்ளவத்தையிலோ ஒரு சிறு வீட்டின் மூலையில் கணினியை வைத்துக்கொண்டு ஒருவர் தாமே கற்றுத் தாமே முயல்கிறார். கருவிகளுக்குக் குறைவில்லை. ஆர்சென்ரீனா நாட்டவர் இருவர் உருவாக்கிய 'கோடோ' என்னும் விளையாட்டாக்கக் கருவி 2014ஆம் ஆண்டிலிருந்து எவரும் விலையின்றிப் பயன்படுத்தக் கிடைக்கிறது. ஒரு காலத்திற் பெரும் நிறுவனங்களுக்கே உரியனவாயிருந்த ஆற்றல்கள் இன்று ஒரு மாணவரின் மேசைக்கு வந்துவிட்டன.

கருவி எளிதாகக் கிடைப்பதனால் ஆசையும் எல்லை கடக்கிறது. பந்தொன்று துள்ளும் சிறு ஆட்டத்தை முடித்தவர், அடுத்து ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் ஆடத்தக்க பேருலகம் ஒன்றைப் படைக்க எண்ணுகிறார். ஆறு திங்கள் கழிகின்றன, ஓராண்டும் கழிகிறது. பணி முடிவதில்லை, மனம் சோர்கிறது, கணினி மூடப்படுகிறது. இழக்கப்பட்டது ஓர் ஆட்டம் மட்டுமன்று. ஆட்டம் ஆக்கக்கூடிய ஒருவரும் அத்தொழிலுக்கு இல்லாமற் போகிறார். ஆகவே, அடுத்தது எது என்னும் வினா சிறிய வினாவன்று. ஆசாரியார் இல்லாத இத்தொழிலுக்கு வரலாறே ஆசானாக நின்று விடை கூறக்கூடும்.

முதலிற் பழைய ஆட்டங்களை நோக்குவோம். நம் வீடுகளில் ஆடப்பெற்ற பல்லாங்குழியை அறியாதார் இலர். வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசைக் குழிகள். கைநிறையச் சோழிகள் அல்லது புளியங்கொட்டைகள். அவ்வளவே அதன் தளவாடம். சிங்கள மக்கள் புத்தாண்டுக் காலத்தில் ஆடும் ஒலிந்த கெலியவும் இதன் உடன்பிறப்பே. ஒலிந்த என்பது நாம் குன்றிமணி என வழங்கும் வித்தின் பெயராகும். 1873இல் லியோபோல்ட் லுடோவிசி என்பார் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை வெளியிட்ட சஞ்சிகையில் இந்நாட்டு விளையாட்டுகளைப் பற்றி எழுதினார். நீர்ப்பாசன இலாகாவிற் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909இல் வெளிவந்த தமது பண்டைய இலங்கை பற்றிய நூலில் இவ்வாட்டங்களைப் படங்களோடு விரிவாக விளக்கினார்.

அக்குறிப்புகளிலிருந்து பெறப்படும் செய்தி ஒன்று சிந்தனைக்குரியது. ஒரே குழிப்பலகையில் ஓர் ஆட்டமன்றிப் பல ஆட்டங்கள் ஆடப்பட்டன. பலகை மாறவில்லை, வித்துக்கள் மாறவில்லை. எக்குழியில் நின்றால் எத்தனை வித்துக்களை எடுக்கலாம், எப்பொழுது கை ஓயும் என்னும் விதி ஒன்று மாறியதும் புதியதோர் ஆட்டம் பிறந்தது. அவற்றை ஆக்கியோரின் பெயர்களை நாம் அறியோம். ஆயினும் முதல் ஆட்டத்தைக் கைவிடாமல் அதிலிருந்தே இரண்டாவதை எடுத்தவர்கள் அவர்கள் என்பது தெளிவு.

ஏனைய ஆட்டங்களின் கதையும் இதுவே. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரால் இந்தியாவிற் பிறந்த சதுரங்கம் பாரசீகத்திற்கும், பின்னர் அராபியர் வழியாக ஐரோப்பாவிற்கும் சென்றது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்த மந்திரி, எத்திசையிலும் எத்துணைத் தூரமும் செல்லும் இராணியாக மாறிற்று. மதகுருவின் காயும் அக்காலத்திலேயே நீண்ட தூரம் செல்லும் வலுப்பெற்றது. பலகை அப்படியே இருக்க, இச்சில மாற்றங்களால் ஆட்டத்தின் வேகமே வேறாயிற்று. சோழி உருட்டி ஆடும் பச்சீசியை எளிமையாக்கி 1896இல் இங்கிலாந்தில் 'லூடோ' எனக் காப்புரிமை பெற்றனர். முன்னோர் புதியது படைத்த முறை இதுவாயின், மின்னணு யுகத்தார் எம்முறையைக் கையாண்டனர் என்பது அடுத்து எழும் வினா.

1958ஆம் ஆண்டு ஒக்ரோபர் 18ஆம் நாள், அமெரிக்காவின் புறூக்கேவன் தேசிய ஆய்வுகூடத்தைப் பார்வையிடப் பொதுமக்கள் வந்தனர். அசையாத காட்சிப் பொருள்களை மட்டும் கண்டு மக்கள் சலிப்படையக்கூடாது என எண்ணிய வில்லியம் ஹிகின்பொதம் என்னும் பௌதிக அறிஞர், மின்னலைகளைக் காட்டும் சிறு வட்டத்திரையில் ரென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்திருந்தார். சில கிழமைகளில் முடிந்த வேலை அது. மக்கள் வரிசையில் நின்று ஆடினர். அடுத்த ஆண்டு அவர் என்ன செய்தார்? புதிய ஆட்டம் எதனையும் தேடவில்லை. திரையைப் பெரிதாக்கினார்; பந்தை இழுக்கும் புவியீர்ப்பை மாற்றினார். சந்திரனில் ஆடினால் பந்து எவ்வாறு செல்லும், வியாழனில் ஆடினால் எவ்வாறு விழும் என்பதனை அதே ஆட்டம் காட்டிற்று. ஒலிந்தப் பலகையின் முன் அமர்ந்த கிராமத்தவரும் அணு ஆய்வுகூடத்தின் அறிஞரும் ஒரே வழியைப் பின்பற்றியமை வியப்பிற்குரியது.

இதற்கு மாறான வழியிற் சென்று இடர்ப்பட்டவரும் உளர். 1962இல் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்ரீவ் ரஸ்ஸலும் அவருடைய தோழர்களும் விண்வெளிப் போர் ஒன்றை ஆட்டமாக ஆக்கினர். அது ஓடிய கணினியின் விலை 120,000 டொலர் அளவினது. அவ்வாட்டத்தின் மீது மோகம் கொண்ட நோலன் புஷ்னெல் என்பார், ரெட் டாப்னி என்னும் நண்பரோடு சேர்ந்து, காசு போட்டு ஆடும் இயந்திரமாக அதனை மாற்றி 1971இல் வெளியிட்டார். கணினியை ஆள்வோருக்கு இனித்த அந்த ஆட்டம், மதுச்சாலைக்கு வந்த பொதுமக்களைக் குழப்பிற்று. திருப்புதல், உந்துதல், சுடுதல் என ஒவ்வொன்றிற்கும் தனிப் பொத்தான்; ஆடுமுன் படிக்க வேண்டிய விளக்கமோ நீண்டது. இயந்திரம் விற்பனையாயினும், எதிர்பார்த்த பெருவெற்றி கிட்டவில்லை.

1972இல் புஷ்னெலும் டாப்னியும் அற்றாரி நிறுவனத்தை அமைத்தனர். அங்கு சேர்ந்த அலன் அல்கோர்ன் என்னும் இளம் பொறியியலாளர் அதற்குமுன் ஒரு விளையாட்டையேனும் ஆக்கியவரல்லர். அவருக்குப் பயிற்சியாக எளியதொரு வேலை கொடுக்கப்பட்டது. ஒரு பந்து, இரு மட்டைகள், புள்ளிக் கணக்கு, இவ்வளவே. பெரிய நிறுவனம் ஒன்று இதனைக் கேட்டிருப்பதாகப் புஷ்னெல் ஒரு பொய்யும் சொல்லி வைத்தார். உண்மையில் அது பயிற்சிக்காக மட்டுமே கொடுக்கப்பட்டது. பயிற்சிதானே என்று அல்கோர்ன் அலட்சியம் செய்யவில்லை. மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, பந்து படும் இடத்திற்கேற்பத் திரும்பும் கோணத்தை மாற்றினார். ஆட்டம் நீளும்போது பந்தின் வேகம் கூடுமாறு செய்தார். மட்டை திரையின் மேல் விளிம்பைத் தொடாத குறை ஒன்று இருந்தது. இருவரும் வல்லவராயின் ஆட்டம் முடிவின்றி நீளாமல் இருக்க அக்குறையே உதவிற்று. எனவே அதனை அப்படியே விட்டார்.

அவ்வியந்திரம் சனிவேல் என்னும் ஊரிலிருந்த மதுச்சாலை ஒன்றிற் சோதனைக்கு வைக்கப்பட்டது. சில நாட்களில் இயந்திரம் பழுதாகிவிட்டதென்று அழைப்பு வந்தது. அல்கோர்ன் சென்று திறந்து பார்த்தபோது, பெட்டியிற் காசு நிரம்பி வழிந்ததே பழுதுக்குக் காரணம் எனக் கண்டார். 'பொங்' என்னும் அந்த ஆட்டம் 8,000 இயந்திரங்களுக்கு மேல் விற்பனையாயிற்று. முழுப் புதுமை என்று அதனைச் சொல்வதற்கில்லை. ரல்ஃப் பேயர் என்பாரின் கண்டுபிடிப்பிலிருந்து அதே ஆண்டில் வந்த வீட்டுக் கருவியிலும் மேசைப்பந்தாட்டம் இருந்தது. அதனைப் புஷ்னெல் முன்பே பார்த்திருந்தார். வழக்குத் தொடரப்பட்டு 1976இல் இணக்கமாக முடிந்தது. பிறருடைய எண்ணத்தை எடுத்துப் பயில்வதற்கும் அதனை விற்பதற்கும் இடையே ஓர் எல்லை உண்டென்பதனை இளையோர் இவ்வழக்கிலிருந்து அறிந்துகொள்ளுதல் நன்று.

யப்பானில் நிகழ்ந்தது வேறுவகை. 1889இற் சீட்டுக்கட்டுச் செய்யும் தொழிலோடு தொடங்கிய நின்ரெண்டோ நிறுவனம், விண்கலங்களைச் சுடும் ஆட்டம் ஒன்றை அமெரிக்காவிற்கு அனுப்பியது. 3,000 இயந்திரங்களுள் ஏறத்தாழ 1,000 மட்டுமே விற்றன. எஞ்சிய 2,000 பெட்டிகள் களஞ்சியத்திற் கிடந்தன. அவற்றை வீசிவிடாது, உள்ளிருக்கும் ஆட்டத்தை மட்டும் மாற்றி விற்க முடியுமா என்பது நிறுவனத்தார் முன் நின்ற கேள்வி. அப்பணி சிகேரு மியமோட்டோ என்னும் இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கைப்பணி வடிவமைப்புக் கற்று 1977இல் ஓவியராகச் சேர்ந்தவர். தாமாக ஓர் ஆட்டத்தை அதற்குமுன் வகுத்ததில்லை. மூத்தவரான குன்பெய் யோக்கோய் அவருக்கு வழிகாட்டியாக இருந்தார். மலிந்து பழகிப்போன தொழில்நுட்பத்தைக் கொண்டு புதிய வழியிற் சிந்திக்க வேண்டும் என்பது யோக்கோயின் கொள்கையாகும்.

புகழ்பெற்ற கேலிச்சித்திரப் பாத்திரங்களைப் பயன்படுத்த முதலில் விரும்பினர், உரிமை கிடைக்கவில்லை. கிடைக்காததை எண்ணி நில்லாமல், ஒரு குரங்கு, ஒரு தச்சன், ஒரு பெண் என மூன்று உருவங்களை மியமோட்டோ தாமே வரைந்தார். 1981இல் வெளிவந்த 'டொங்கி கொங்' விற்காத பெட்டிகளுக்கு உயிர் கொடுத்தது. அதன்பின்னரும் அவர் ஒரே பாய்ச்சலிற் பேருலகம் படைக்கவில்லை. அந்தத் தச்சனுக்கு மரியோ எனப் பெயர் நிலைத்தது. 1983இல் அவனுக்கு ஒரு சகோதரன் வந்தான். 1985இலேதான் இடமிருந்து வலமாக விரியும் நீண்ட உலகில் அவன் ஓடத் தொடங்கினான். இன்று உலகமே அறிந்த அப்பாத்திரம் அவ்விடத்தை அடைய நான்கு ஆண்டுகளும் பல சிறு படிகளும் வேண்டியிருந்தன.

ஒரே மனிதர் தக்கதைத் தெரிந்து வென்றதையும், தகாததை ஏற்று வீழ்ந்ததையும் ஹவார்ட் ஸ்கொற் வோர்ஷோவின் கதையிற் காணலாம். 1981இல் அற்றாரியிற் சேர்ந்த அவருக்கு, கடைகளில் ஆடப்பட்ட ஓர் ஆட்டத்தை வீட்டுக் கருவிக்கு மாற்றும் வேலை முதலிற் கிடைத்தது. அக்கருவியின் சிறிய நினைவகத்தில் அது நன்றாக அமையாதென அவர் கண்டார். மூல ஆட்டத்தின் சாரத்தை மட்டும் எடுத்து, கருவிக்கு இயல்பாகப் பொருந்தும் புதிய ஆட்டம் ஒன்றை ஆக்க அனுமதி கேட்டார். 1982இல் வெளிவந்த அவ்வாட்டம் பெரும் பாராட்டைப் பெற்றது.

அதே ஆண்டில், வேற்றுலக உயிர் ஒன்றைப் பற்றிய புகழ்பெற்ற திரைப்படத்தை ஆட்டமாக்கும் வேலை அவரிடம் வந்தது. நத்தார் விற்பனைக்குத் தயாராக வேண்டுமென்பதனால் அவருக்குக் கிடைத்த காலம் ஐந்து கிழமைகளே. ஏற்றார், குறித்த நாளில் முடித்தும் கொடுத்தார். ஆனால், பிறரை ஆடவைத்துப் பார்த்துத் திருத்த நேரம் இருக்கவில்லை. ஆடியோர் குழிக்குள் மீண்டும் மீண்டும் விழுந்து சலித்தனர். விற்காத பிரதிகள் வேறு சரக்குகளோடு 1983இல் நியூ மெக்சிக்கோவின் அலமகோர்டோவில் மண்ணிற் புதைக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் அவை தோண்டியெடுக்கப்பட்டன. அமெரிக்க விளையாட்டுத் தொழில் அக்காலத்தில் வீழ்ந்தமைக்குக் காரணங்கள் பல. அந்த ஓர் ஆட்டத்தின் மீது பழி முழுவதையும் சுமத்துதல் நீதியன்று. எனினும், அகலக்கால் வைத்தல் என்பது உருவத்தின் பெருமையை மட்டும் குறிப்பதன்று, காலத்தின் குறுக்கத்தையும் குறிக்கும் என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

வேண்டாதவற்றைக் கழித்தல் என்னும் கலையை மொஸ்கோவிற் காணலாம். 1984இற் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு நிலையத்திற் பணியாற்றிய அலெக்சி பஜித்நொவ், ஐந்து சதுரங்களை ஒட்டி அமைத்த துண்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கும் பழைய புதிர் ஒன்றை விரும்புபவர். அதில் 12 உருவங்கள் உண்டு. விரைந்து ஆடும் ஆட்டத்திற்கு அவை மிகையெனக் கண்டு, நான்கு சதுரங்களாற் கிடைக்கும் ஏழு உருவங்களை எடுத்துக்கொண்டார். அவரிடமிருந்த கணினி படம் வரையும் ஆற்றல் இல்லாதது. எனவே எழுத்துக் குறிகளைச் சேர்த்துச் சதுரங்களாகக் காட்டினார். நிரம்பிய வரிசை மறையும் என்னும் விதி ஆட்டத்தை முடிவின்றி ஓடச் செய்தது. 'ரெற்றிஸ்' என்னும் அவ்வாட்டம் உலகின் எல்லா மூலைகளுக்கும் சென்றது. வறிய கருவி அவருக்குத் தடையாகவில்லை. எதனை விட வேண்டும் என்பதை அதுவே அவருக்குக் கற்பித்தது.

இவற்றிற்கு விலக்கே இல்லையா என ஐயுறுவோர் உளர். உண்டு. எரிக் பறோன் என்னும் அமெரிக்க இளைஞர் தனியொருவராய் உழைத்து, பயிர்த்தொழிலைப் பற்றிய பெரிய ஆட்டம் ஒன்றை நாலரை ஆண்டுகளில் முடித்து 2016இல் வெளியிட்டார். அது பெருவெற்றி அடைந்தது. புதியோர் பலர் அவரை மேற்கோளாகக் காட்டுவர். ஆனால், தொழில் தேடும்பொருட்டு நிரலெழுதிப் பழகவே அவர் அதனைத் தொடங்கினார் என்பதையும், அந்த ஆண்டுகளில் வேறு வேலை பார்த்துக்கொண்டே உழைத்தார் என்பதையும் அவர்கள் மறந்துவிடுவர். மறுபுறம், கோபக்காரப் பறவைகளின் ஆட்டத்தால் 2009இற் புகழ்பெற்ற பின்லாந்தின் றோவியோ நிறுவனத்திற்கு அது 52ஆவது படைப்பாகும். முந்திய 51இன் பெயர்களை இன்று நினைவிற் கொண்டோர் சிலரே. ஆயினும் 52ஆவதைச் செய்த கைகள் அந்த 51இற் பழகிய கைகளே.

தமிழருக்கு மிக அணுக்கமான எடுத்துக்காட்டு கனடாவிலிருந்து வந்தது. ரொறன்ரோ நகரில் இயங்கும் 'விசை' என்னும் சிறு குழு, 2023 யூலை 31ஆம் நாள் 'வெண்பா' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. 1980களின் இறுதியிற் கனடாவிற் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை அது. வெண்பா என்பது தாயின் பெயர், தந்தை பாவலன், மகன் கவின். தன் தாயிடமிருந்து வந்த சமையற் குறிப்பேட்டின் பக்கங்கள் சிதைந்துபோக, விடுபட்ட செய்முறைகளை ஆடுவோர் கண்டறிந்து சமைத்து முடிக்க வேண்டும். இட்டலித் தட்டை எவ்வாறு அடுக்குவது, புட்டை எவ்வாறு அவிப்பது என்பனவே அதில் வரும் புதிர்கள். வாளுமில்லை, வேட்டுமில்லை. இரண்டு மணி நேரத்திற்குள் ஆடி முடித்துவிடலாம். மொழியிலிருந்தும் வீட்டிலிருந்தும் மெல்ல விலகும் மகனும், அவனுக்காகக் காத்திருக்கும் தாயும் அந்தச் சிறிய காலத்திற்குள் நம் மனத்தில் நிலைத்துவிடுகின்றனர்.

2024ஆம் ஆண்டில், அமெரிக்காவில் தனிமுயற்சி விளையாட்டுகளுக்கென நடைபெறும் விழாவின் தலையாய பரிசும், பிரித்தானியத் திரைக்கலைக் கழகத்தின் முதற்படைப்புக்கான விருதும் அதற்குக் கிடைத்தன. ஓர் அடுக்களையையும் ஒரு குறிப்பேட்டையும் கொண்டு இதனைச் சாதித்தவர்கள், பேருலகம் ஒன்றைப் படைக்க முனைந்திருந்தால் எங்கே நின்றிருப்பர் என எண்ணிப் பார்க்கலாம். தம்மிடம் இருந்ததும் பிறரிடம் இல்லாததுமான பொருளையே அவர்கள் எடுத்துக்கொண்டனர்.

அவ்வாறாயின் கொலன்னாவையில் இருக்கும் ஒருவரிடம் உள்ள பொருள் யாது? பெற்றோலியத் தாங்கிகள் நிற்கும் ஊர் என்றே வெளியார் அதனை அறிவர். அங்கு வாழ்வோருக்கோ அது நீரை அஞ்சும் ஊருமாகும். 2016ஆம் ஆண்டு மே மாதத்திற் களனி கங்கை கரைபுரண்டபோது கொலன்னாவைப் பகுதியின் தெருக்கள் பல நீரில் மூழ்கின; மக்கள் படகுகளில் வெளியேறினர். மறு ஆண்டு, 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, அப்பகுதியிலுள்ள மீத்தொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏனைய ஊர்களில் ஒலிந்தப் பலகையும் பல்லாங்குழியும் எடுத்து ஆடும் நாளில் அவ்வூரில் மண்வெட்டிகளின் ஓசை கேட்டது. அத்துயரைக் காட்சிப் பொருளாக்குதல் தகாது. ஆயினும் அவ்வூரின் வாழ்வை அவ்வூராரே சொல்லாவிடின் வேறெவரும் அதனைச் சரியாகச் சொல்லப்போவதில்லை.

இதனை இவ்வாறு உருவகிக்கலாம். ஒரு வீடு; கீழ்த்தளமும் ஒரு மேல்தட்டும். வாசலில் நீர் ஏறுகிறது. அரிசி மூடை, பாடப்புத்தகங்கள், தையல் இயந்திரம், எரிவாயுச் சிலிண்டர், பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இருக்கும் பை, பாட்டியின் மருந்து என ஆறு பொருள்கள் கீழே இருக்கின்றன. கைகள் இரண்டே. ஒவ்வொரு முறை மேலேறி இறங்கும்போதும் நீர் ஒரு படி உயர்கிறது. எதனை எடுப்பது, எதனை விடுவது? ஓர் அறைக்குள் அடங்கும் ஆட்டம் இது. பந்து துள்ளும் ஆட்டத்தை முடித்த ஒருவர் ஏற்கெனவே கற்ற அசைவும் மோதலும் கணக்கும் இதற்குப் பெரிதும் போதும். புதிதாகக் கற்க வேண்டியது நீர் ஏறும் விதி ஒன்றே. கணினியைத் தொடுமுன்னரே தரையிற் சோக்கினாற் கட்டம் போட்டு, ஆறு தீப்பெட்டிகளை வைத்து, வீட்டிலுள்ளோரையும் அயலாரையும் ஆடச் செய்யலாம். எவ்விடத்தில் அவர்கள் தயங்குகின்றனர், எவ்விடத்திற் சலிக்கின்றனர் என்பது ஒரு மாலைப்பொழுதில் விளங்கிவிடும். வோர்ஷோவுக்கு வாய்க்காத அந்தச் சோதனைக்குச் செலவும் இல்லை.

தமிழில் ஆக்குவோர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றும் உண்டு. விளையாட்டாக்கக் கருவிகள் பல ஆங்கில எழுத்தை மனத்திற்கொண்டு அமைந்தவை. கொலன்னாவை என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். முதலெழுத்தில் ககரத்தின் இருபுறமும் குறிகள் வருகின்றன. இறுதியெழுத்தில் வகரத்திற்கு முன்னே ஐகாரக்குறி நிற்கிறது. எழுத்துச் சேர்க்கை அறியாத கருவி இக்குறிகளை இடம் மாற்றிச் சிதைத்துவிடும். 2023இல் வெளிவந்த கோடோவின் நான்காம் பதிப்பு இத்தகைய எழுத்துகளை ஒழுங்காக அமைக்கும் ஆற்றல் பெற்றது. எந்தக் கருவியாயினும், வேலையைத் தொடங்கும் முதல் நாளிலேயே ஊர்ப்பெயரை எழுதிச் சோதித்தல் அறிவுடைமையாகும். ஆறு திங்கள் உழைத்தபின் இக்குறையைக் காண்போர் ஆட்டத்தைக் கைவிடுதலும் உண்டு.

காலத்தின் அளவையும் முன்கூட்டியே குறித்தல் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தமை நேயர்களுக்கு நினைவிருக்கும். அத்தகைய நாட்களிற் பணி செய்தோர், மின்சாரம் வரும் சில மணிகளில் எதனை முடிக்க இயலும் என்று கணக்கிடக் கற்றுக்கொண்டனர். மின்சாரம் தடையின்றி இருக்கும் நாளிலும் அக்கணக்கு நல்லது. 2009இல் தொடங்கிய உலக விளையாட்டாக்கக் கூடல், 48 மணி நேரத்தில் ஓர் ஆட்டத்தைத் தொடங்கி முடிக்கச் சொல்லிற்று. இரண்டு நாளில் ஆட வராத எண்ணம் இரண்டு ஆண்டில் தானாக இனிமை பெற்றுவிடும் என நம்புதற்குக் காரணம் இல்லை.

வரலாறு கூறும் விடை இப்பொழுது தெளிவாகிறது. முடித்த ஆட்டத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை மாற்றுதல்; கருவிக்கும் காலத்திற்கும் மிஞ்சியதைக் கழித்தல்; பிறரை விரைவில் ஆடவைத்துப் பார்த்தல்; தன் வீட்டிலும் தெருவிலும் கிடக்கும் பொருளை எடுத்தல். இந்நான்கிற்கும் பொருந்திய எண்ணமே தக்க அடுத்த ஆட்டமாகும். அது சிறிதென்று எவரேனும் நகைக்கலாம். அல்கோர்னுக்குக் கொடுக்கப்பட்டதும் பந்தொன்றும் மட்டை இரண்டுமே. பேருலகம் படைக்கும் ஆசையைக் கைவிட வேண்டுவதில்லை. ஏட்டின் கடைசிப் பக்கத்தில் அதனை எழுதி வைத்துவிட்டு, முதற் பக்கத்தில் அடுத்த மூன்று கிழமைக்குள் முடியக்கூடிய ஒன்றை எழுதுதல் போதும். அது முடிந்த மாலையில், அயல்வீட்டுப் பிள்ளைகளை அழைத்து ஆடச் செய்து, அவர்கள் மறுமுறையும் கேட்கிறார்களா என்று பார்க்கட்டும். கேட்டால், அதற்கும் அடுத்தது எது என்பதை அப்பிள்ளைகளே சொல்லிவிடுவர்.